‘இன்னா’ என்ற சொல்லுக்கு நான் எழுதிக் கொடுத்த பொருள்

1

இந்தக் கதைக்கு மூலம் நான் கையெழுத்துப் போட்ட ஓர் அரைத்தாள். 1974 ஆகஸ்டில் அது கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்பி ஆலையின் கோப்புக்குள் போயிற்று. ஒரு பாட்டில் என்ன அணி இருக்கிறது, அதன் தொனி என்ன என்று அதில் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

என் பெயர் ராமபத்ரன். திருவள்ளூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். ‘பின்வரும் செய்யுளில் பயின்று வரும் அணியைச் சுட்டி விளக்குக’ என்ற வினாவைக் கொடுப்பதும் விடைகளைத் திருத்துவதுமாக இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டியவன். கதை எழுதிப் பழக்கமில்லை. தொடக்கத்திலேயே தடுமாறினேன்.

முதலில் இப்படி எழுதினேன்: ‘கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிலாளி பாட்டு எழுதினான்.’ அடித்துவிட்டேன். ‘எழுதினான்’ என்பதன் விகுதியிலேயே தொனி வந்து உட்கார்ந்துவிட்டது. அதே ஆலையின் அதிகாரி பாட்டு எழுதியிருந்தால் என் பேனா தானாகவே ‘எழுதினார்’ என்று போயிருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: ‘கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிலாளி எழுதிய ஏழு வரிகளால் அவருடைய வேலைக்கே’

இதுவும் சரியில்லை. வேலைக்கு ஆபத்து வந்தது அவருடைய ஏழு வரிகளால் என்றால், என் அரைத்தாள் தப்பித்துக்கொள்கிறது. நிறுத்திய இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

2

பாட்டு இது. ஆலையின் கேன்டீன் கதவில் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்ததாம்.

உலையில் தீ எரிகிறது
வீட்டில் உலை கொதிக்கவில்லை
அரசப்பன் கை கம்பியோடு போனது
கம்பி விலைக்குப் போனது
கை எங்கே போனது
ஐயா இன்னா செய்வோம்
இன்னா செய்வோம்

இதை என்னிடம் கொண்டுவந்தவர் பராசரன். எங்களுக்கு அடுத்த தெரு. கோயில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்து, பி.காம். படித்து, அந்த ஆலையில் தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் ஆபீசராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்தார்.

“அண்ணா, ஒரு ஒத்தாசை. இது என்ன சொல்றதுன்னு நாலு வரி எழுதித் தரணும்.”

“யார் எழுதினது?”

“பாக்கியராஜ்னு ஒருத்தன். முதலாளிக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்கு வாசிக்க வரும், அவ்வளவுதான். நீங்க சொன்னா எடுபடும்.”

“எங்கே எடுபடணும்?”

“ஒரு விசாரணை நடக்கறது. கோப்புல வைக்கணும்.”

உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்த என் மனைவி அம்புஜவல்லி குரல் கொடுத்தாள். “எழுதினவன் உசிரோடதானே இருக்கான்? அவனையே கேட்டுட்டாப் போச்சு.”

“கேட்டா சொல்லுவானா மன்னி?” என்று பராசரன் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன விசாரணை என்று கேட்கவில்லை. என் கண் ஏற்கெனவே முதல் இரண்டு வரிகளுக்குப் போய்விட்டது.

(பராசரனைப் பற்றி இங்கே ஒரு சந்தேகம். இந்தக் கதையின் முதல் படியில் அவரைக் குள்ளநரியாக எழுதியிருந்தேன். கண்ணாடியைத் துடைத்தபடி பேசினார் என்றுகூட ஒரு வரி இருந்தது. அவர் கண்ணாடியே போட்டதில்லை. அவரை மோசமானவராக்கினால் நான் ஏமாற்றப்பட்டவன் ஆகிவிடுவேன் என்பதால் என் பேனா அப்படிச் செய்தது. அவர் என்னை ஏமாற்றவில்லை. விசாரணை என்ற சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடித்தார்.)

3

அந்த மகிழ்ச்சியை விளக்குகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதல் வரியில் உள்ள உலை, இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் உலை. இரண்டாம் வரியில் உள்ள உலை, அரிசி போடுவதற்காகக் கொதிக்கும் தண்ணீர். ஒரே சொல் திரும்ப வருகிறது, பொருள் மாறிவிடுகிறது. இதற்குச் சொற்பின்வருநிலையணி என்று பெயர். மாணவர்கள் இதைச் சிலேடை என்று எழுதி மதிப்பெண் இழப்பார்கள். சிலேடையில் சொல் ஒரு முறைதான் வரும், அந்த ஒரு முறையிலேயே இரண்டு பொருளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இங்கே சொல் இரண்டாம் முறை நடந்து வருகிறது, வேறு சட்டை போட்டுக்கொண்டு.

அடுத்து, ‘போனது’. கை போனது என்றால் துண்டானது. கம்பி விலைக்குப் போனது என்றால் விற்றது. கை எங்கே போனது என்றால் தேடுகிறார்கள். மூன்று வரி, மூன்று போதல். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, இந்த மனிதருக்குச் சொல்லைத் திருப்பிப் போட்டால் வேறு முகம் காட்டும் என்பது தெரிந்திருக்கிறது. நான் திருத்திய ஆயிரக்கணக்கான தாள்களில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

இந்த வேகத்தில் கடைசி இரண்டு வரிகளுக்கு வந்தேன். ‘இன்னா.’ பழைய நூல்களில் ஊறிய கண்ணுக்கு அந்தச் சொல் ஒன்றைத்தான் சொல்லும்: துன்பம், தீங்கு. இனியதற்கு எதிர்ப்பதம். இன்னா செய்வோம் என்றால் தீங்கு செய்வோம்.

எழுதினேன்: ‘இறுதி அடிகளில் “இன்னா” என்னும் இலக்கியச் சொல் சிறப்பாக ஆளப்பட்டுள்ளது. பொருள்: தீமை. இருமுறை வந்திருப்பது உறுதியைக் குறிக்கும். தொனி: அடக்கிய சினம், எச்சரிக்கை.’

‘சிறப்பாக’ என்ற சொல்லின் கீழே ஒரு கோடும் போட்டேன். அந்த மனிதருக்கு நான் ஒரு பரிசு கொடுப்பதாகத்தான் நினைத்தேன்.

* தொனி பற்றி, பள்ளியில் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதரை மணி வகுப்புக்குப் பத்து மணிக்கு வரும் பையனிடம் ‘அடடே, சீக்கிரமே வந்துவிட்டாயே’ என்று சொன்னால், சொல்லில் இருப்பது பாராட்டு, தொனியில் இருப்பது கண்டிப்பு. பையனுக்கு அது உடனே புரிந்துவிடும், ஏனென்றால் அவன் காதால் கேட்கிறான். அதையே தாளில் எழுதினால் குரல் போய்விடும். தடயங்கள் மட்டும் மிஞ்சும்: ஒரு விளி, ஒரு விகுதி, திரும்ப வரும் சொல், ஒரு கேள்விக்குறி. அவற்றை வைத்துக்கொண்டு நாம் குரலை ஊகிக்கிறோம். ஊகம் என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொன்னதில்லை.

4

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, பள்ளி விட்டு வந்தபோது ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் தட்டச்சு செய்த இரண்டு தாள்.

“நீதானே சார் தமிழு வாத்தியாரு?”

“ஆமாம். நீங்க?”

“எம்பேரு ரோசம்மா. பாக்கியராஜ் ஊட்டுக்காரி. கும்முடிப்பூண்டிலேர்ந்து மூணு பஸ்ஸு மாறி வந்துகினு கீறேன்.” தாளை நீட்டினாள். “இத்த எயுதனது நீதானா சார்? உம்பேரு போட்டுக்கீது.”

குற்றச்சாட்டுக் கடிதம். ஆலை நிர்வாகத்துக்குத் தீங்கு செய்வதாக எழுத்து மூலம் மிரட்டியது, மற்றத் தொழிலாளரைத் தூண்டியது. ஆதாரமாக என் வரிகள், கோடு போட்ட ‘சிறப்பாக’ உட்பட. குற்றம் உறுதியானால் வேலை நீக்கம்.

“மெரட்டுனான்னு போட்டுக்கீது. எங்க சார் மெரட்டுனான்?”

நான் அந்த வரியைக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது.

“இன்னா சார் நீ. தமிழு வாத்தியாரு. இன்னான்னா இன்னான்னு தெரியாதா உனக்கு?”

என் காதில் விழுந்தது. பால்காரர் தினமும் காலையில் “இன்னா சார், லேட்டு” என்பார். ரயிலடியில் டிக்கெட் வாங்க நின்றால் முன்னும் பின்னும் இன்னாதான். இருபது வருடம் என் வகுப்பில் நான் திருத்திய சொல் அது. ‘இன்னா என்று சொல்லாதே, என்ன என்று சொல்.’ வாயில் வந்தால் தவறு என்று தெரிந்திருந்தது. தாளில் வந்ததும், தாளில் வந்துவிட்ட காரணத்தாலேயே, அதை இரண்டாயிரம் வருடத்துச் சொல்லாகப் படித்துவிட்டேன்.

‘ஐயா, என்ன செய்வோம்.’

அவ்வளவுதான் அந்த வரி. கை இழந்த ஒருவரைப் பற்றி இன்னொருவர் கேட்டது. கேள்விக்குறி இல்லையே என்று நான் நினைத்திருக்கலாம். முந்தைய வரியைப் பாருங்கள்: ‘கை எங்கே போனது.’ அது சந்தேகமில்லாமல் கேள்வி. அங்கேயும் குறி இல்லை. அவர் கேள்விக்குறியே போடாதவர். பள்ளிக்கூடத்துப் பையன்கூடக் கவனித்திருக்கக்கூடிய தடயம்.

“புதங்கெயம விசாரணை. நீ வந்து சொல்லிடு சார், தப்பா எயுதிட்டேன்னு,” என்றாள் ரோசம்மாள். “அரசப்பனுக்குக் கை பூட்ச்சு. எங்களுக்குச் சோறு பூடும். ரெண்டு பசங்க கீது.”

அம்புஜவல்லி தண்ணீர் கொண்டுவந்தாள். ரோசம்மாள் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டாள். அம்புஜவல்லி வேண்டாம் என்று வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் என்னிடம், “நான் அன்னிக்கே சொன்னேன்,” என்று மட்டும் சொன்னாள்.

5

கதையை இங்கேயே முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பண்டிதரின் தவறு, ஒரு பெண்ணின் திருத்தம். படித்தவர்கள் புன்னகையோடு மூடி வைத்திருப்பார்கள்.

ஆனால் புதன்கிழமை நான் பஸ் ஏறினேன். பெரியபாளையத்தில் ஒரு பஸ், அதை அடுத்த சின்ன ஆரணியில் இன்னொன்று. நீண்ட பயணம். கையில் பாட்டின் படி. எனக்குப் படித்ததையே திரும்பப் படிக்கும் பழக்கம் உண்டு.

ஆரணி தாண்டியபோது ஒன்று தெரிந்தது. இந்தப் பாட்டில் எந்தச் சொல்லும் திரும்ப வரும்போது பழைய பொருளில் வருவதில்லை. உலை மாறுகிறது. போனது மாறுகிறது. அப்படியிருக்க இன்னா மட்டும் ஏன் மாறாமல் இருக்க வேண்டும்? முதல் இன்னாவுக்கு முன்னால் ‘ஐயா’ இருக்கிறது, அது கேள்வி. இரண்டாவது முறை ஐயா இல்லை. ஐயாவை விட்டுவிட்டார். முதல் வரியில் ‘என்ன செய்வோம்’ என்று கேட்டுவிட்டு, பதில் வராததால், அடுத்த வரியில்

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்றுதான் அன்றைக்குப் பஸ்ஸிலும் நினைத்தேன்.)

நான் முதலில் எழுதியது தவறு, ரோசம்மாள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளத்தான் போய்க்கொண்டிருந்தேன். முதலில் எழுதியது வழியிலேயே பாதி சரியாகிவிட்டது. அதுபோல் வேண்டாத சரி என் வாழ்நாளில் வேறில்லை.

6

ஆலை வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே பாக்கியராஜ் என்னைப் பார்க்கக் காத்திருந்தார். ஒல்லியான மனிதர். புருவத்தில் தீப்பொறி பட்ட தழும்பு. அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்து ஆலைக்கு வந்தவர்.

“நாஷ்டா ஆச்சா சார்?” என்றார். நான் எதிர்பார்த்த எதையும் அவர் கேட்கவில்லை.

“ஆச்சு. பாக்கியராஜ், நான் எழுதினது தவறு. மன்னிக்கணும்.”

“வுடு சார். நீ எயுதனத்த நாலு தபா படிச்சேன். நம்ம பாட்ட இவ்ளோ நேரம் ஒருத்தர் பார்த்துக்கீறாரேன்னு இருந்துச்சு.” டீயை ஆற்றினார். “அந்தப் பொருளு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்துக்கீறாங்க சார். எனக்குத் தெரியாததில்ல.”

பக்கத்தில் நின்ற ரோசம்மாள் திரும்பினாள். “யோவ்.”

“கேக்கறாரு இல்ல, சொல்றேன். மொத தபா கேட்டேன் சார். ரெண்டாவது தபா...”

“ரெண்டாவது தபாவும் கேட்டான்,” என்றாள் ரோசம்மாள். “எயுதிக்கோ சார். ரெண்டு தபாவும் கேட்டான். பேஜாரு பண்ணாத.”

பாக்கியராஜ் டீயைக் குடித்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை தேவைப்பட்டிருக்காது.

7

விசாரணை அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஒரு வக்கீல். நல்ல மனிதர், எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பராசரன் சன்னலோரம் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

‘இன்னா’ இந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கு, ‘என்ன’ என்று பொருள் என்று நான் விளக்கினேன். அதிகாரி கவனமாகக் கேட்டார். பிறகு பாட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

“ஒரு சந்தேகமுங்க. இரண்டாவது வரியில் வீடு என்று எழுதியிருக்கிறார். இவர்கள் பேச்சில் அது ஊடு என்று இவரே சொல்லக் கேட்டேன். வீடு என்று எழுதத் தெரிந்தவருக்கு என்ன என்று எழுதத் தெரியாதுங்களா?”

நியாயமான கேள்வி. நான் திருத்தும் தாளில் இந்தக் கேள்வியை ஒரு மாணவன் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

பாக்கியராஜ் பேசினார். “வீடுன்னு எயுதனாலும் அது ஊடுதான் சார். அதே கூரை, அதே செவுரு. என்னன்னு எயுதனா அது இன்னா ஆவாது.”

“ஏன்?”

“என்னன்றது ஆபீஸ்ல வந்து கேக்கறது சார். அரசப்பன் கை ரோல்ல மாட்டிக்கினப்போ நாங்க பத்து பேரு நின்னுகினு இருந்தோம். யாரும் என்னன்னு கேக்கல. இன்னான்னுதான் கேட்டோம்.”

உருளைகளின் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

“சரி,” என்றார் அதிகாரி. “நீங்களே படித்துக் காட்டுங்கள். கேட்டால் தெரிந்துவிடும்.”

பாக்கியராஜ் எழுந்தார். ரோசம்மாளை உள்ளே விடவில்லை. அவள் வராந்தாவில் கதவோரம் நின்றாள். அவர் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. முதல் ஐந்து வரிகளைச் சாதாரணமாகச் சொன்னார், கடையில் சாமான் சொல்வதுபோல. ஆறாவது வரியில் குரல் மேலே போய், கடைசியில் தொங்கி நின்றது. அது கேள்வி. அதில் யாருக்கும் ஐயமில்லை.

பிறகு ஏழாவது வரியைச் சொன்னார்.

* கேட்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ‘செய்வோம்’ என்பது ம் என்று முடிகிறது, உதடுகள் மூடும். கேள்வியாக இருந்தால் அந்த ம் இழுபட்டு, உதடுகள் மெதுவாகச் சேரும், யாராவது குறுக்கிட்டுப் பதில் சொல்லமாட்டார்களா என்று இடம் விடுவதுபோல. முடிவாக இருந்தால் அந்த ம் சட்டென்று சாத்திக்கொள்ளும். வேறுபாடு அவ்வளவுதான், அரை மாத்திரை. நான் கவனித்தேன்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். “எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு பழக்கமில்லைங்க. இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. நீங்கள் இந்த ஊர், பண்டிதர். கேட்டீர்கள். கடைசி வரியின் தொனி என்ன என்று எழுதிக் கொடுங்கள். அதை வைத்து முடித்துவிடுகிறேன்.”

வெள்ளைத்தாளும் பேனாவும் என் முன்னால் வந்தன.

எழுதினேன்: ‘ஆறாம் அடி வினா. ஏழாம் அடி வினா. என் முந்தைய கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். தொனி: இரங்கல்.’ கையெழுத்துப் போட்டேன். எந்தச் சொல்லின் கீழேயும் கோடு போடவில்லை.

பாக்கியராஜுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வியாழக்கிழமை இரண்டாம் ஷிப்டில் வேலைக்குத் திரும்பினார். கேன்டீன் கதவில் எதையும் ஒட்டக்கூடாது என்று ஒரு பலகை வைத்ததாகப் பராசரன் பிறகு சொன்னார்.

அன்று ஆலை வாசலிலிருந்து பாக்கியராஜ் என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

“இன்னா சார் எயுதின?”

“கேள்வின்னு.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

பொன்னேரிப் பக்கம் போகும் லாரி ஒன்று கம்பிகளை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அது போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லா கேட்டியா சார்?”

“நல்லாத்தான் கேட்டேன்.”

“அப்ப சரி,” என்றார். அந்த ‘சரி’யின் தொனியை எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். ரோசம்மாள் பின்னாலிருந்து, “பசங்க தனியா கீது, வாய்யா,” என்று கூப்பிட்டாள். போய்விட்டார்.

8

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவு: ஏழாவது வரியில் அவர் உதடுகள் மெதுவாகச் சேர்ந்தன. நான் கேட்டதைத்தான் எழுதினேன். ஒரு தவறு செய்தேன், அதை நேரில் போய்த் திருத்தினேன், ஒரு குடும்பம் பிழைத்தது.

இரண்டாவது முடிவு: அந்த ம் சட்டென்று சாத்திக்கொண்டது. அந்த அறையில் அது என் ஒருவன் காதுக்குத்தான் விளங்கியது. நான் பொய் எழுதினேன். ஒருவருடைய வேலையைக் காப்பாற்றி, அவர் எழுதியதில் மிக நல்ல வரியை என் கையாலேயே அடித்தேன். முதல் தாளில் அதைப் புரிந்து பாராட்டிய ஒரே வாசகனும் நான்தான்.

இரண்டையும் பலமுறை படித்துப் பார்த்தேன். கோப்பில் உள்ள தாள் இரண்டு முடிவுக்கும் பொருந்துகிறது; அதே மை, அதே கையெழுத்து. எது நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் பாக்கியராஜ் சொன்ன ஒரு வரிக்கு இன்ன தொனி என்று இரண்டு தடவை எழுத்தில் கொடுத்துவிட்டேன். மூன்றாவது தடவை கொடுக்கமாட்டேன்.

இதுவரை பொறுமையாகக் கேட்டீர்கள். அணி தெரியும், தடயங்கள் தெரியும், உதடு எப்படி மூடும் என்பதும் தெரியும். ஏழு வரிகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தனியாக வேண்டாம்; தனியாகச் சொன்னால் எப்படி வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். உங்கள் வேலையை வாங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் தாய் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். ஆறாவது வரிக்குப் பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் எடுத்துக்கொண்டார்.